தேய்ந்த பாகத்துக்குச் சதை வைப்பது: விமான எஞ்சின் பூச்சுப் பணி பற்றி ஓர் எளிய அறிமுகம்

மேஜைமேல் ஒரு ஷாஃப்ட் கிடக்கிறது. சில நாட்களுக்கு முன்புவரை ஒரு ஜெட் எஞ்சினின் வயிற்றுக்குள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. இப்போது எஞ்சினைப் பிரித்து, கழுவி, துடைத்து வைத்திருக்கிறார்கள். பேரிங் உட்காரும் இடத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது: விட்டத்தில் 0.08 மில்லிமீட்டர் குறைவு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

அந்த ஒரு முடி அளவு குறைந்தாலும் ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்ட முடியாது. பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அதனோடு சேர்ந்தே சுற்ற வேண்டும். பிடி தளர்ந்தால் வளையம் நழுவும், உரசும், சூடேறும், அதிர்வு கிளம்பும். அதிர்வு வந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கேடு. சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா? விலை பல லட்சங்களில் போகும். பணம் இருந்தாலும் உடனே கிடைத்துவிடாது, மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். இத்தனைக்கும் கெட்டுப்போனது மேல்தோலில் ஒரு முடி அளவுதான். மீதி உலோகம் முழுக்க நல்ல நிலையில் இருக்கிறது.

லேத் பட்டறைகளில் ‘சதை’ என்று ஒரு சொல் புழங்கும். கடைந்து எடுக்க உலோகம் போதாவிட்டால் “இதுல சதை பத்தாதுப்பா” என்பார் டர்னர். தேய்ந்துபோன அந்தச் சதையை, பாகத்தின் உள்ளுடம்புக்கு ஒரு கெடுதலும் வராமல், திரும்ப வைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்றைய விமான எஞ்சின் பராமரிப்பில் ஒரு பெரிய பகுதி இதைச் சுற்றியே நடக்கிறது. வெளியில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகுந்த பொறுமையும் நேர்மையும் கேட்கிற வேலை இது.

எங்கெல்லாம் தேய்கிறது?

ஜெட் எஞ்சினை முன்னிருந்து பின்னாகப் பார்த்தால், முதலில் பெரிய விசிறி. அதன் பின்னால் காற்றை அழுத்தும் கம்ப்ரசர். அடுத்து எரிபொருள் எரியும் அறை. கடைசியில் அந்தச் சூடான வாயுவால் சுழலும் டர்பைன். முன்பகுதியில் எதிரி தூசும் மணலும். பாலைவனப் பகுதிகளில் ஏறி இறங்கும் எஞ்சின்களின் கம்ப்ரசர் பிளேடுகள் நுனியில் மெலிந்து, விளிம்பு மழுங்கிவிடும். வளைகுடாப் பக்கம் அடிக்கடி போய்வரும் எஞ்சின்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் பட்டறைக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நடுவில் ஷாஃப்ட், பேரிங், சீல் என்று உலோகமும் உலோகமும் உரசும் இடங்கள். பின்பகுதியில் எதிரி வெப்பம்.

ஒவ்வொரு இடத்துக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. ஆனால் மருந்து கொடுக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: பொடியைத் தெளித்துப் பூச்சாக ஏற்றுவது.

வெல்டிங் வைத்தால் என்ன?

கேட்கத் தோன்றும் கேள்விதான். வண்டிப் பட்டறையில் தேய்ந்த அச்சின்மேல் வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து, மறுபடி அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்களே?

விமான ஷாஃப்ட்டின் வலிமை அது எந்த உலோகம் என்பதில் மட்டும் இல்லை. அந்த எஃகை எந்தச் சூட்டுக்குக் காய்ச்சினார்கள், எவ்வளவு வேகத்தில் குளிரவைத்தார்கள், மறுபடி எந்தச் சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பதில் இருக்கிறது. கத்திக்குப் பதம் ஏற்றுகிற கொல்லருக்கு இது நன்றாகத் தெரியும். பதம் ஏறிய கத்தியை மறுபடி அடுப்பில் காட்டினால் பதம் போய்விடும். வெல்டிங் சூட்டில் எஃகு உருகுகிறது. உருகிய இடத்தைச் சுற்றி ஒரு வளையம் பதம் கெட்டு நிற்கும். ஷாஃப்ட் நெளியவும் செய்யலாம். மெல்லிய விரிசல் விழவும் செய்யலாம். தலைமுடி அளவுச் சதையைச் சேர்க்கப்போய் முழு உடம்பையும் பலவீனமாக்கிவிடுவோம். பிளேடுகளின் நுனி போன்ற சில இடங்களில் கணக்குப் பார்த்து வெல்டிங் செய்கிறார்கள் என்றாலும், சுழலும் ஷாஃப்ட்டின் நடுவே அது ஆபத்து.

இன்னொரு பழைய வழி, கடின குரோம் முலாம். குரோமிக் அமிலத் தொட்டியில் பாகத்தை முக்கி, மின்சாரம் பாய்ச்சி, குரோமியத்தைப் படியவைப்பார்கள். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க நடந்தது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்தத் தொட்டியில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தொட்டிப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் மூக்குத் தண்டும் நுரையீரலும்தான் அதற்கு விலை கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. தெளிப்பு முறைகள் விமானத் துறையில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தொழில்நுட்பம் பாகத்தோடு சேர்த்து அதைச் செய்கிற மனிதரின் உடம்பையும் காப்பாற்றினால் அதை முழு மனதோடு வரவேற்க வேண்டும்.

சுவரில் தட்டிய வறட்டி மாதிரி

பொடியைத் தெளித்தால் உலோகத்தில் எப்படி ஒட்டும்? கிராமத்துச் சுவரில் வறட்டி தட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையாகப் பிடித்த சாணம் சுவரில் வேகமாகப் பட்டதும் தட்டையாக விரிகிறது. விரியும்போதே சுவரின் மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது. காய்ந்த பிறகும் விழாமல் நிற்பது அந்தப் பிடியால்தான்.

தெளிப்புப் பூச்சிலும் நடப்பது அதுதான். அளவும் வேகமும்தான் வேறு. 15 முதல் 45 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பொடித்துகள், அதாவது தலைமுடியைவிடச் சிறியது, சூடாகி இளகிய நிலையில் பறந்துவந்து உலோகத்தில் மோதுகிறது. மோதியதும் வறட்டிபோல் தட்டையாகிறது. ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள் குளிர்ந்து இறுகிவிடுகிறது. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. இப்படிக் கோடிக்கணக்கான குட்டி வறட்டிகள் அடுக்கடுக்காக அமர்ந்துதான் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு தடிமன் உருவாகிறது. துகள் சூடாக இருந்தாலும் மிகச் சிறியது என்பதால், அடியில் இருக்கும் ஷாஃப்ட்டுக்கு அந்தச் சூடு பெரிதாக எட்டுவதில்லை. பக்கத்திலேயே காற்றைப் பீய்ச்சிக் குளிர்வித்துக்கொண்டே தெளிப்பார்கள். ஷாஃப்ட்டின் சூடு பெரும்பாலும் 150 டிகிரி செல்சியசைத் தாண்டாது. எஃகின் பதத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

இந்த முறையின் மூலவர் சுவிட்சர்லாந்துக்காரரான மாக்ஸ் உல்ரிச் ஷூப். 1900களின் தொடக்கத்தில் சூரிச் நகரில் உருகிய உலோகத்தைக் காற்றால் தெளிக்கும் கருவியை உருவாக்கினார். அவருடைய மகன் பொம்மைத் துப்பாக்கியால் சுவரில் சுட்ட ஈயக் குண்டுகள் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

ஷூப்புக்குப் பிறகு வந்த எல்லா முறைகளையும் புரிந்துகொள்ள இரண்டே சொற்கள் போதும்: சூடு, வேகம். எந்த முறை எதை அதிகம் நம்புகிறது என்று பார்த்தால் படம் தெளிவாகிவிடும்.

பிளாஸ்மா தெளிப்பு சூட்டை நம்புகிறது. ஆர்கான் போன்ற வாயுவை மின்வில்லுக்குள் செலுத்தினால் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடான ஒரு சுடர் கிளம்பும். அதற்குள் ஏறக்குறைய எந்தப் பொடியைப் போட்டாலும் உருகும், பீங்கான் பொடிகூட. அதனால் வெப்பம் தாங்கும் பீங்கான் பூச்சுகளுக்கு இது ஒரு முக்கிய வழி.

டெட்டனேஷன் கன் எனப்படும் வெடிப்புத் துப்பாக்கி 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் பிறந்தது. ஒரு முனை மூடிய குழாய்க்குள் ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கொஞ்சம் பொடியும்; ஒரு மின்பொறி. வெடிப்பலை பொடியைக் குண்டுபோல் வெளியே தள்ளும். விநாடிக்குப் பல முறை இப்படி வெடிக்கும். இந்தியாவில் ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இந்த முறையில் பல ஆண்டுகள் உழைத்து, நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சிலவற்றுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மூன்றாவது எச்.வி.ஓ.எஃப்., அதாவது ஹை வெலாசிட்டி ஆக்சி-ஃபியூயல். ஆக்சிஜனோடு எரிபொருளை அழுத்தத்தில் எரித்து, ஒலியைவிடப் பல மடங்கு வேகமான சுடரை உண்டாக்கும் முறை. பொடித்துகள் விநாடிக்கு 600, 700 மீட்டர் வேகத்தில் போய் மோதும். பல கருவிகளில் எரிபொருள் மண்ணெண்ணெய்தான். ஒரு காலத்தில் ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கி ஸ்டவ்வில் ஊற்றிய அதே இனம். விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளும் அதே குடும்பம். இங்கே சூடு குறைவு, சுமார் 2,700, 2,800 டிகிரிதான். வேகம் அதிகம் என்பதால் பூச்சு மிக நெருக்கமாக, ஏறக்குறைய துளையே இல்லாமல் அமையும். நம் ஷாஃப்ட்டுக்கு இதுதான் பொருத்தம். பொடி, டங்ஸ்டன் கார்பைடையும் கோபால்ட்டையும் சேர்த்தது. கல்லைத் துளைக்கும் டிரில் முனையில் இருக்கும் அதே கடினப் பொருள்.

பிடிப்பு

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பொடியைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும்தான் அதிகம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து பூச்சு நிற்பதும் உரிவதும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பித்தளைப் பாத்திரத்தை முதலில் மணலும் புளியும் போட்டுத் தேய்ப்பார். சூடேற்றி நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அழுக்கும் களிம்பும் முழுக்க நீங்கிய அந்த நொடியில் ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஓட்டுவார். ஈயமாவது உருகிப் பித்தளையின் மேல்தோலோடு கலந்துவிடும். தெளிப்புப் பூச்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது அடி உலோகத்தோடு பெரும்பாலும் கலப்பதில்லை. கவ்விப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கவ்வ இடம் வேண்டும். பழைய சுவரில் புதுப் பூச்சு ஏற்றும் முன் கொத்தனார் சுவர் முழுக்கக் கொத்திவிடுவாரே, அதே காரணம்.

உலோகத்தைக் கொத்துவதற்கு உளி கிடையாது. அலுமினா என்ற கடினமான, கூர்முனைகள் உள்ள பொடியை அழுத்தக் காற்றோடு பீய்ச்சி அடிப்பார்கள். கிரிட் பிளாஸ்டிங் என்று பெயர். பளபளவென்று இருந்த ஷாஃப்ட்டின் மேல் அது பட்டதும் பளபளப்பு போய், சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல் வரும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முழுக்கக் குன்றும் பள்ளமும். அந்தப் பள்ளங்களில்தான் குட்டி வறட்டிகள் கால் ஊன்றும். அளவோடு அடிக்க வேண்டும். குறைவாக அடித்தால் பிடிப்பு இருக்காது. அதிகமாக அடித்தால் அலுமினாத் துணுக்குகள் உலோகத்திலேயே புதைந்து, பிற்பாடு அங்கிருந்துதான் பூச்சு உரியும்.

கொத்தியது முதல் தெளிப்பதுவரை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகத் திறந்த உலோகத்தில் காற்றுப்பட்டதும் ஆக்சைடு படரத் தொடங்கிவிடும். நம் ஊர்க் கடலோர ஈரத்தில் இன்னும் வேகமாக. அதனால் கூடிய சீக்கிரம் தெளிப்பு அறைக்குப் போயாக வேண்டும். வெறுங்கை படவே கூடாது.

இந்தக் கடைசி விதியை நான் கற்ற விதம் மறக்காது. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதம். விமான வேலை இல்லை, பம்ப்புக்குப் போகும் ஒரு ஸ்லீவ். கொத்தி முடித்து வைத்திருந்தார்கள். திருப்பி வைக்கச் சொன்னபோது கையுறை பக்கத்தில் இல்லை. ஒரு நொடிதானே என்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருப்பினேன். தெளித்தோம், நன்றாக இருந்தது. மறுநாள் கிரைண்டிங் சக்கரம் பட்டதும் ஒரு செதில் பெயர்ந்து வந்தது. நீள்வட்டமாக, சரியாக ஒரு கட்டைவிரல் அளவு. பொறுப்பாளராக இருந்த அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சத்தம் போடவில்லை. “தம்பி, விரல்ல இருக்கற எண்ணெய் இம்புட்டுத்தான். ஆனா அதுக்கு மேல எதுவும் நிக்காது” என்றார். அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்து, கழுவி, மறுபடி கொத்தி, மறுபடி தெளிக்க முழு நாள் ஆயிற்று. அது தண்ணீர்ப் பம்ப். விமானத்தில் போகும் பாகமாக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் கொத்திய பாகத்தின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் வரும்.

ஷாஃப்ட்டின் பயணம்

இனி நம் ஷாஃப்ட்டோடு நடப்போம். முதலில் விரிசல் சோதனை. ஒளிரும் சாயத்தைத் தடவி, துடைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த சாயம் பச்சைக் கோடாக மின்னும். பூச்சு ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விரிசல் இல்லை என்று உறுதியானதும், தேய்ந்த இடத்தை இன்னும் கொஞ்சம் கடைந்து எடுப்பார்கள். சேர்க்க வந்தவர்கள் ஏன் எடுக்கிறார்கள் என்று தோன்றும். தேய்மானம் எங்கும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. பூச்சு சீரான தடிமனில் இருந்தால்தான் நிலைக்கும். ஓரத்தில் மெலிந்து போகும் பூச்சு முதலில் உரியும். அதனால் சீரான ஆழத்தில் ஒரு பள்ளம் எடுத்து, பூச்சு படக்கூடாத இடங்களை வெப்பம் தாங்கும் டேப்பாலும் தகட்டாலும் மூடுவார்கள். பிறகு கொத்துதல். பிறகு தெளிப்பு.

தெளிப்பு அறைக்குள் யாரும் நிற்க மாட்டார்கள். சத்தம் 130 டெசிபெல்லைத் தொடும், காதுக்குத் தாங்காது. தடித்த சுவரும் கண்ணாடியும் உள்ள அறை. வெளியே கணினி முன் ஒருவர், உள்ளே ரோபோக் கை. ஷாஃப்ட் மெதுவாகச் சுழல, துப்பாக்கி மேலும் கீழும் போய்வரும். சுடரை இருண்ட கண்ணாடி வழியே பார்த்தால் அதன் நடுவே வைரக் கற்களைக் கோத்த மாதிரி வரிசையாக ஒளிப்புள்ளிகள் தெரியும். ஒலியைவிட வேகமாகப் போகும் வாயுவில் உண்டாகும் அதிர்வலைகள் அவை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி. துப்பாக்கி ஒருமுறை கடந்தால் ஏறுவது சில மைக்ரான்தான். செங்குத்தாகத் தெளிப்பதே நல்லது. சாய்வு கூடக் கூடப் பிடிப்பு குறையும்.

தேவைக்கு மேல் கொஞ்சம் ஏற்றிவிட்டு, வைரச் சக்கரத்தால் கிரைண்டிங் செய்து சரியான அளவுக்கு இறக்குவார்கள். டங்ஸ்டன் கார்பைடு பூச்சைச் சாதாரணச் சக்கரம் தொடவே முடியாது. இங்கேயும் அவசரம் ஆகாது. அழுத்திக் கிரைண்ட் செய்தால் சூடேறிப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழும்.

இப்போது முக்கியமான கேள்வி. பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஷாஃப்ட்டிலேயே இழுத்துப் பார்க்க முடியாது, இழுத்தால் கெட்டுவிடும். வெட்டிப் பார்க்கவும் முடியாது. அதனால் ஷாஃப்ட்டைப் பூசுகிறபோதே, அதே பொடியில், அதே அமைப்பில், சின்னச் சின்ன உலோக வில்லைகளையும் பூசிக்கொள்வார்கள். ஷாஃப்ட்டுக்காகச் சோதனைக்கு நிற்கும் உடன்பிறப்புகள் அவை.

ஒரு வில்லையின் விட்டம் 25 மில்லிமீட்டர் சொச்சம். பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். பூசிய முகத்தில் வலுவான எபாக்ஸிப் பசையைத் தடவி, இன்னொரு உருளையை ஒட்டி, அடுப்பில் காயவைத்து, இழுக்கும் இயந்திரத்தில் மாட்டி இழுப்பார்கள். நல்ல எச்.வி.ஓ.எஃப். பூச்சு என்றால் மூன்றரை டன் இழுவைக்குப் பக்கத்தில் ‘டப்’ என்று பிரியும். ஒரு யானையைத் தொங்கவிட்ட மாதிரி, ஒரு நாணய அகலத்தில். பிரிந்த முகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பசைதான் கிழிந்திருக்கும். பூச்சு அப்படியே இருக்கும். அதாவது பூச்சின் உண்மையான பிடிப்பு அதைவிடவும் அதிகம். மாறாகப் பூச்சு அடியோடு பெயர்ந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தால், இழுத்த எடை போதுமானதாக இருந்தாலும் எல்லோரும் கவலையோடு பிளாஸ்டிங் அறையைத் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொரு வில்லையைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி, நுண்ணோக்கியில் துளைகள், ஆக்சைடு, புதைந்த அலுமினாத் துணுக்குகள் எல்லாம் பார்ப்பார்கள்.

வெப்பப் பகுதி: கவசமும் பலியாடும்

டர்பைன் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே பூச்சின் வேலை அளவைத் திருப்பித் தருவது மட்டும் இல்லை, உயிரைக் காப்பது. நவீன எஞ்சின்களின் டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் சூடு 1,500 டிகிரியைத் தாண்டும். பிளேடு செய்யும் நிக்கல் கலப்புலோகம் சுமார் 1,350 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். உருகும் சூட்டைவிட அதிகமான சூட்டில் ஒரு உலோகம் எப்படி நிற்கிறது? பிளேடுக்குள் நுண்ணிய குழாய்கள் வழியே குளிர்காற்று ஓடுகிறது. அதைக் குளிர்காற்று என்று சொன்னாலும் அதுவே 600 டிகிரி இருக்கும்! வெளியே ஒரு மெல்லிய பீங்கான் சட்டை. இரண்டும் சேர்ந்து உலோகத்தைக் காப்பாற்றுகின்றன. பீங்கான் சட்டை மட்டுமே உலோகத்தின் சூட்டை நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துவிடும்.

அந்தப் பீங்கான், சிர்கோனியா. தூய சிர்கோனியா சூடேறி ஆறும்போது படிக அமைப்பு மாறி உப்பிச் சுருங்கும், வெடித்துவிடும். எடையில் 7, 8 சதவீதம் யிட்ரியா என்ற இன்னொரு ஆக்சைடைச் சேர்த்தால் அடங்கி நிற்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள நாசா ஆய்வகம் 1970களில் இந்த அளவைக் கண்டறிந்தது. இன்றும் அடிப்படை மாறவில்லை. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு உலோகப் பிணைப்புப் படலம் இருக்கும். சூட்டில் அதன்மேல் மெல்லிய அலுமினாத் தோல் வளரும். தோல் ஓரளவு வளரும்வரை காவல். சில மைக்ரானைத் தாண்டித் தடித்துவிட்டால் பீங்கான் செதில்செதிலாக உதிரும். பழுது பார்க்கும்போது பழைய சட்டையை முழுக்கக் கழற்றி, பிளேடைச் சோதித்து, புதிதாகப் பூச வேண்டும். கழற்றும் ஒவ்வொரு முறையும் பிளேடின் சுவரில் கொஞ்சம் கரைந்து போகும் என்பதால், ஒரு பிளேடை இத்தனை முறைதான் இப்படிப் புதுப்பிக்கலாம் என்று கணக்கு உண்டு.

தேய்வதற்கென்றே ஏற்றும் பூச்சும் ஒன்று உண்டு. பிளேடு நுனிக்கும் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, இடைவெளியில் காற்று கசிந்து வீணாகும். டர்பைனில் அந்த இடைவெளி கால் மில்லிமீட்டர் குறைந்தால் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும் என்று நாசா கணக்கிட்டிருக்கிறது. ஒரு விமான நிறுவனத்துக்கு ஒரு சதவீதம் சின்னத் தொகை இல்லை. ஆனால் இடைவெளியை மிகவும் குறைத்தால் பிளேடு உரசும். அதற்காக உறையின் உள்பக்கத்தில் மென்மையான பூச்சு ஏற்றுவார்கள். கம்ப்ரசரில் அலுமினியம்-சிலிக்கனோடு பாலியஸ்டர், அல்லது நிக்கலோடு கிராஃபைட். பிளேடு உரசினால் பிளேடுக்கு ஒன்றும் ஆகாமல் பூச்சு செதுக்கப்பட்டு, பிளேடு தனக்குத் தானே பாதை போட்டுக்கொள்ளும். அடுத்த பராமரிப்பில் அந்தப் பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள்.

சூடே இல்லாமல்

சூட்டையும் வேகத்தையும் பார்த்தோம். சூட்டை ஏறக்குறைய விட்டுவிட்டு வேகத்தை மட்டும் நம்பினால்?

1980களில் சோவியத் யூனியனின் நோவோசிபிர்ஸ்க் நகரில் அனத்தோலி பாப்பிரினும் சகாக்களும் ஒலியைவிட வேகமான காற்றோட்டத்தில் உலோகத் துகள்களை விட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துகள் பட்டால் மாதிரிப் பொருள் அரிக்கப்படும் என்பதுதான் எதிர்பார்ப்பு. வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும் அரிப்பு நின்று, துகள்கள் ஒட்டிக்கொண்டு பூச்சாக வளரத் தொடங்கின. உருகவே இல்லை. கோல்டு ஸ்பிரே பிறந்தது அங்கேதான்.

தாமிரத் துகள் விநாடிக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் போய் மோதினால், மோதும் விளிம்பில் உலோகம் களிமண்போல் வழிந்து, மேலிருக்கும் ஆக்சைடுத் தோல் கிழிந்து, சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் ஒன்றையொன்று தொடும். ஒட்டிக்கொள்ளும். உருகாததால் ஆக்சைடு சேர்வதில்லை, சுருங்கி இழுப்பதும் குறைவு. சூட்டைத் தாங்காத மக்னீசியம், அலுமினியம் பாகங்களுக்கு இது வரப்பிரசாதம். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் மக்னீசியம் கியர்பெட்டி உறைகள் அரித்துப்போய் ஒதுக்கப்பட்டுவந்தன. அமெரிக்க ராணுவ ஆய்வகம் அவற்றில் அலுமினியப் பொடியை இப்படி ஏற்றித் திரும்பப் பறக்கவைத்தது. இதற்கும் எல்லை உண்டு. துகள் நெளிந்து கொடுக்க வேண்டும் என்பதால் பீங்கானை மட்டும் தெளித்துப் பூச்சாக்குவது கடினம். கடினமான உலோகங்களுக்குத் தேவையான வேகத்தை எட்ட ஹீலியம் வேண்டியிருக்கும். அது விலை அதிகம்.

பூச்சால் ஆகாதது

விரிசல் சோதனையை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்று பின்னால் சொல்வதாகச் சொன்னேன். பூச்சு எதையும் மூடும், விரிசலையும் மூடும். பூச்சு ஏறிய பிறகு அடியில் ஒளிந்த விரிசலைச் சாயத்தால் கண்டுபிடிக்க முடியாது.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சூ சிட்டி விமான நிலையத்தில் ஒரு டி.சி.-10 விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வால் எஞ்சினின் விசிறி வட்டு நடுவானில் உடைந்து, விமானத்தை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. டைட்டானியத்தை உருக்கியபோதே உள்ளே தங்கிய ஒரு குறையிலிருந்து வளர்ந்த விரிசல் அது. பராமரிப்பில் ஒளிரும் சாயச் சோதனை நடந்திருந்தும் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று விசாரணை சொன்னது. அங்கே பூச்சுக்குப் பங்கில்லை. ஆனால் இருட்டறையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் ஐந்து நிமிடக் கவனம் எவ்வளவு கனமானது என்பதை அந்த விபத்தைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவும் எனக்குத் தெரியாது.

விரிசல் விழுந்த ஷாஃப்ட்டையோ வட்டையோ பூச்சு காப்பாற்றாது. பூச்சு சதை மட்டுமே; எலும்பு அடி உலோகம். சுழலும் வட்டு, ஷாஃப்ட் போன்றவற்றுக்கு இத்தனை முறை ஏறி இறங்கினால் கட்டாயம் கழற்றி ஒதுக்க வேண்டும் என்று ஆயுள் வரம்பு விதித்திருக்கிறார்கள். எவ்வளவு அழகாகப் பூசினாலும் அந்த எண்ணில் ஒன்றுகூடக் கூடாது. எங்கே பூசலாம், எந்தப் பொடி, எவ்வளவு தடிமன்வரை என்பதையும் பட்டறை தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. எஞ்சின் தயாரிப்பாளரின் கையேடோ, விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுக்கொண்ட பழுதுமுறையோ சொல்கிறபடிதான். இந்தியாவில் அந்த ஆணையம் டி.ஜி.சி.ஏ. இந்த இரண்டிலும் இல்லாத பழுதுமுறையை எவ்வளவு திறமையானவர் செய்தாலும் அந்தப் பாகம் பறக்காது.

நம் ஷாஃப்ட் அளவுக்கு வந்துவிட்டது. மைக்ரோமீட்டரில் இழந்த 0.08 திரும்பியிருக்கிறது. மறுபடி விரிசல் சோதனை, இந்த முறை கிரைண்டிங் கெடுத்துவிட்டதா என்று பார்க்க. பொடியின் தொகுதி எண், தெளித்த நாள், தெளித்தவர் கையெழுத்து, வில்லைகளின் இழுவை எண்கள் எல்லாம் ஒரு கோப்பில் சேர்கின்றன. வெட்டி மெருகேற்றிய வில்லை, எண் எழுதிய சின்னப் பையில், இழுப்பறைக்குப் போகிறது. ஷாஃப்ட் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் போகிறது. இனி பல ஆயிரம் மணி நேரம் பறந்து, மறுபடி எஞ்சினைப் பிரித்து மேஜைமேல் வைக்கும் நாளில், முதலில் மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது அந்தப் பேரிங் இடத்தைத்தான்.